சதுர ஊரில் பஸ் ஓட்டியவன்

மில்டன் கீன்ஸில் பஸ் ஓட்டப் புதிதாக வருகிறவருக்கு வழி பழக்கும்போது நான் முதலில் சொல்லிவந்தது இதுதான்: மரத்தைப் பார்த்து ஓட்டாதே, ரவுண்டபவுட்டை எண்ணிக்கொண்டு ஓட்டு. இங்கிலாந்தின் வேறு ஊர்களில் சாரதிமார் மூலையில் நிற்கும் பப்பையும் தேவாலயக் கோபுரத்தையும் மீன்பொரியல் கடையையும் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். இந்த ஊரின் பெரிய வீதிகளில் அப்படி எதுவும் கண்ணில் படாது. இரண்டு பக்கமும் புல்மேடு, மேட்டின் மேல் மரங்கள். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரவுண்டபவுட். அதைத் தாண்டினால் திரும்பவும் புல்மேடும் மரமும். முதல் வாரத்தில் பக்கத்தில் நின்று வழி பழகுகிற பெடியன் “அண்ணை, இப்ப எங்க நிக்கிறம்?” என்று கேட்காமல் விட்டதே இல்லை. வீடுகள் எல்லாம் எங்கே என்றும் கேட்பான். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் வீடுகள் இருக்கின்றன. வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன.

வீதிகளுக்கு இலக்கம் உண்டு. ஒரு வாட்டில் ஓடுபவை ‘வி’, அவற்றைக் குறுக்கே வெட்டுபவை ‘எச்’. வி1 இலிருந்து வி11 வரை ஸ்ட்ரீட்டுகள். எச்1 இலிருந்து எச்10 வரை பெரும்பாலும் ‘வே’ என்று முடிபவை. வி7 சாக்ஸன் ஸ்ட்ரீட், எச்6 சைல்ட்ஸ் வே என்று பலகையில் இலக்கமும் பெயரும் சேர்ந்தே நிற்கும். வரைபடத்தில் பார்த்தால் சதுரத்தாள் மாதிரித் தெரிந்தாலும் கோடுகள் நேரில்லை. நிலம் ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் அவையும் சேர்ந்து வளையும். வி4 மட்டும் விதிவிலக்கு. அது ரோமர் போட்ட வாட்லிங் ஸ்ட்ரீட், இந்த ஊரைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் வயது மூத்தது. அதற்கு வளையத் தெரியாது.

இங்கிலாந்துச் சனத்துக்கு இந்த ஊர் ஒரு பகிடி. ரவுண்டபவுட் பகிடி ஒன்று, சீமெந்து மாடுகள் பகிடி இன்னொன்று. லிஸ் லே என்ற கலைஞர் 1978இல் ஊர்ச் சனத்தோடு சேர்ந்து செய்த அந்த மாடுகள் மூன்று பெரியது, மூன்று கன்று. லண்டனில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அவற்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருவரும் வந்து பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்தப் பகிடியில் எரிச்சல்தான். தொண்ணூறுகளில் லண்டனில் ஒரே அறையில் நாலு பேர் கிடந்துவிட்டு, தோட்டத்தோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு இங்கே வந்தவன் நான். எனக்கு முன்னே, எழுபதுகளில் வந்த வெள்ளைக்காரச் சனமும் அதே காரணத்துக்காகத்தான் வந்தது. பழைய பிரயாணி ஒருத்தி, கிழக்கு லண்டன்காரி, ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் பஸ்ஸில் ஏறுவாள். லண்டனில் கழிப்பறையை வேறு குடும்பத்தோடு பங்குபோட்ட வீட்டிலிருந்து வந்து, முதல் குளிர்காலம் முழுக்கச் சேற்றில் நடந்தாளாம். “ஆனால் குளியலறை எனக்கே எனக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

லண்டனில் வீட்டுப் பஞ்சம் இருந்த காலத்தில், 1967 ஜனவரி 23ஆம் தேதி அரசாங்கம் இந்த நிலத்தைப் புது நகரத்துக்கென்று குறித்தது. ஏறக்குறைய 89 சதுர கிலோமீட்டர். அதற்குள் பிளெட்ச்லி, உல்வர்டன், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற மூன்று பழைய ஊர்களும் பல கிராமங்களும் அகப்பட்டன. மில்டன் கீன்ஸ் என்பதே அந்தக் கிராமங்களில் ஒன்றின் பெயர்தான். குடியேற்ற நினைத்தது இரண்டரை லட்சம் பேரை. கேம்பல் பிரபு தலைமையில் ஓர் அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் அமைந்தது. லூவெலின்-டேவிஸ் குழுவினர் திட்டம் எழுதினார்கள். 1970இல் அது புத்தகமாக வந்தது. டெரெக் வாக்கர் தலைமைக் கட்டடக் கலைஞராக வந்து அதைக் கட்டத் தொடங்கினார்.

இதெல்லாம் நூலகத்தில் கிடைக்கும். எனக்கு டிப்போ சாப்பாட்டறையில் கிடைத்தது வேறு கதை. எனக்கு வழி பழக்கிய மூத்த சாரதி ஒருவர் சொன்னார்: “இந்த ஊர் மோனோரெயில் ஊராக வந்திருக்க வேண்டியது.” கதை அளக்கிறார் என்று நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால் உண்மை. பக்கிங்காம்ஷயர் கவுண்டியின் கட்டடக் கலைஞர் ஃபிரெட் பூலி அறுபதுகளின் முற்பகுதியிலேயே இந்தப் பக்கத்துக்கு ஒரு நகரம் வரைந்து வைத்திருந்தார். மோனோரெயில் வளையங்கள், அவற்றில் மணிகோத்த மாதிரிச் சின்னச் சின்னக் குடியிருப்புகள். எந்த வீட்டிலிருந்தும் ஏழு நிமிட நடையில் ஒரு நிலையம், ஏறினால் காசு இல்லை, செலவு வீட்டு வரியிலிருந்து. ‘பூலிவில்’ என்று அதைப் பட்டம் கட்டிக் கூப்பிட்டார்களாம். அரசாங்கம் கையில் எடுத்த பிறகு மோனோரெயில் போயிற்று, கார் வந்தது. எதிர்காலத்தில் எல்லாருக்கும் கார் இருக்கும், ஊர் ஒரே நடுவைச் சுற்றிக் குவியக்கூடாது, எவரும் எங்கிருந்தும் எங்கேயும் போகலாம் என்பது புதுத் திட்டத்தின் மனசு. அதற்குச் சதுரம்தான் தோது.

திட்டக்காரர்கள் பஸ்ஸை மறந்துவிட்டார்கள் என்று பலபேர் சொல்வதுண்டு. அது நியாயமில்லை. ஒரு கிலோமீட்டர்ச் சதுரம் ஒன்றைத் தாளில் போட்டு, நாலு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொரு பஸ் தரிப்பு வைத்துப் பாருங்கள். சதுரத்தின் நட்ட நடுவில் இருக்கிற வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர். மூலையில் இருக்கிற வீட்டுக்கும் அதே அரைக் கிலோமீட்டர். வேறெந்த வீட்டுக்கும் அதற்குக் குறைவு. 1970 திட்டம் பக்கங்களின் அந்த நடுப்புள்ளியில்தான் கடையையும் பள்ளியையும் தரிப்பையும் சேர்த்து வைக்கச் சொன்னது. வீதிக்கு அடியால் ஒரு சுரங்கப்பாதை, இந்தச் சதுரத்துச் சனமும் அந்தச் சதுரத்துச் சனமும் ஒரே கடைக்கு வரும். பஸ் பெரிய வீதியிலேயே ஓடும், உள்ளே நுழையவே வேண்டாம். கணக்கு அழகான கணக்கு. ஓட்டுகிறவனாகச் சொல்கிறேன், அப்படி ஓர் ஊர் இருந்தால் பஸ் கார் வேகத்தில் ஓடும்.

கட்டும்போது அது குழம்பிப்போயிற்று. பல சதுரங்களில் கடையும் பள்ளியும் நடுப்புள்ளியிலிருந்து எழும்பிச் சதுரத்தின் உட்பக்கம் போய்விட்டன. குடியிருப்புகளும் உள்நோக்கித் திரும்பின. வீதியின் இரைச்சல் கேட்காமல் இருக்க மேடு போட்டு, மரம் நட்டார்கள். பெரிய வீதியோரத்தில் மிச்சம் இருந்தது தரிப்பு மட்டும். கடை இல்லை, வெளிச்சம் இல்லை, ஆள் இல்லை. என் கட்சி இதுதான்: இந்த ஊர் பஸ்ஸுக்கு நல்ல வீதியைக் கொடுத்தது, ஆனால் சனத்தை அந்த வீதியிலிருந்து தள்ளி வைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற பஸ்ஸில் நீங்கள் ஏறியிருந்தால் தெரியும், ஊர் முழுக்க வீதியில்தான் நிற்கும். கோயில், கடை, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் சாரதியின் கைநீட்டுத் தூரத்தில். அங்கே பஸ் நிறைவதற்கு எவரும் திட்டம் போடவில்லை.

ஆகவே இங்கே பஸ் சனத்தைத் தேடி உள்ளே போனது. அங்கேதான் சாரதியின் நேரம் செத்துப்போகும். பெரிய வீதியில் ஒரு சதுரத்தைத் தாண்ட ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடத் தேவை. அதே சதுரத்துக்குள் நுழைந்து வெளியே வர ஆறு, ஏழு நிமிடம். வளைவு, வேகத்தடை, நடைபாதையில் இரண்டு சில்லை ஏற்றி நிறுத்திய கார், அதற்கு எதிரே அதே மாதிரி இன்னொரு கார். ஃபிஷர்மீட் போன்ற இடங்களில் கண்ணாடி கண்ணாடியோடு உரசாமல் போவது தனி வித்தை. எதிரே வருகிற வேன்காரன் பின்னுக்கு எடுப்பானா, நான் எடுப்பதா என்று கண்ணால் பேசிக்கொள்வோம். பெரும்பாலும் பெரிய வண்டிக்கு விட்டுக்கொடுப்பான், நான் கையை உயர்த்துவேன். இப்படிச் சதுரம் சதுரமாக நுழைந்து வருவதால் காரில் பத்து நிமிடத்தில் போகிற இடத்துக்குப் பஸ்ஸில் அரை மணிக்கு மேல் போகும். பிறகு, இந்த ஊரில் ஏன் பஸ்ஸில் ஆட்கள் ஏறுவதில்லை என்று கேட்டு ஆய்வறிக்கை வரும்.

உட்தெருக்களில் எனக்குப் பிடித்தது ஓல்ட்புரூக். அங்கே தெருக்களுக்குக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயர். பாய்காட் அவென்யூ, ஹட்டன் அவென்யூ, ட்ரூமன் பிளேஸ், லார்வுட் பிளேஸ். வானொலியில் வர்ணனை கேட்டு வளர்ந்த எனக்கு அது கொண்டாட்டம். பாய்காட்டின் பெயர் வைத்த தெருவில் பஸ் மெதுவாகத்தான் போகவேண்டும் என்று சொன்னால் என்னோடு வேலைசெய்த யார்க்ஷயர்க்காரன் சிரிக்கமாட்டான். கிரௌன்ஹில் பக்கம் பாட்டுக்காரர்கள்: பிரெஸ்லி வே, ஹெண்ட்ரிக்ஸ் டிரைவ்.

நெதர்ஃபீல்ட் வேறு மாதிரி. எழுபதுகளில் அவசரத்தில் கட்டிய நீண்ட வரிசை வீடுகள். கூரையை ஒரே மட்டத்தில் வைத்தார்கள், நிலம் சரியச் சரிய வீட்டுக்கு மாடி கூடிக்கொண்டு போகும். கட்டடக்கலை மாணவர்கள் இப்போதும் படம் எடுக்க வருகிறார்கள். தட்டைக் கூரை ஒழுகும் என்பது பிரயாணிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே காரில்லாத வீடுகள் நிறைய. எல்லாருக்கும் கார் இருக்கும் என்று நினைத்து வரைந்த ஊரில் காரில்லாதவர்களை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு.

ரவுண்டபவுட் பற்றி எழுதாமல் விட்டால் சக சாரதிமார் கோபிப்பார்கள். நூற்றுக்கு மேல் உண்டு. காரில் வருகிறவனுக்கு அது சிவப்பு விளக்கில் நிற்காமல் போகிற சுகம். நின்றுகொண்டு வருகிற பிரயாணிக்கு அது வேறு. நுழையும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும், சுற்றும்போது மறுபக்கம், வெளியேறும்போது திரும்ப முதல் பக்கம். கிழவிகள் பிரேக்கைவிட இதற்குத்தான் பயப்படுவார்கள். நல்ல சாரதி ரவுண்டபவுட்டுக்கு ஐம்பது யார் முன்னமே வேகத்தைக் கொன்றுவிடுவான், உள்ளே பிரேக்கைத் தொடமாட்டான். சுற்றி முடித்து ஸ்டியரிங் நேரான பிறகுதான் அக்சிலரேட்டரை மிதிப்பான். பயிற்சியில் நான் கேட்பது ஒன்றுதான்: பின்னால் ஒருத்தி தேநீர்க் குவளையோடு இருக்கிறாள் என்று நினை. தரிப்பிலிருந்து வெளியே எடுப்பது அதைவிடக் கடினம். இரட்டைப் பாதை வீதிகளில் கார்களுக்கு எழுபது மைல் வேகம் அனுமதி. தரிப்போ வீதியோரக் குடாவில் இருக்கும். நின்ற பஸ்ஸை அந்த ஓட்டத்துக்குள் சேர்க்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஓய்வூதியத்தில் ஒரு பகுதி தேறும்.

தரிப்புகளைப் பற்றிப் பெண் பிரயாணிகளிடம் கேளுங்கள். நடக்கவும் சைக்கிளுக்கும் ‘ரெட்வே’ என்று சிவப்புத் தார் போட்ட பாதைகள் ஊர் முழுக்க உண்டு, ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பெரிய வீதிகளைச் சுரங்கத்தாலும் பாலத்தாலும் கடப்பதால் பிள்ளைகள் ஒரு காருக்கும் முன்னால் வராமல் பள்ளிக்கூடம் போகலாம். பகலில் இதைவிட வடிவான ஏற்பாட்டை நான் எந்த ஊரிலும் காணவில்லை. இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை முடித்து வருகிறவளுக்கு அதே சுரங்கமும் அதே மரங்களும்தான் பயம். எழுபதுகளில் நட்ட கன்றுகள் இப்போது தரிப்பை மூடி வளர்ந்துவிட்டன. சில சாரதிமார் இரவில் தரிப்பைத் தாண்டி, வெளிச்சம் இருக்கிற இடத்தில் இறக்கிவிடுவார்கள். யார் என்று கேட்காதீர்கள்.

ஊரின் நடுப்பகுதிக்கு வருவோம். மிட்சம்மர் புலவார்டை, கோடைத் திருப்ப நாளில் சூரியன் உதிக்கிற திசை பார்த்து வரைந்தார்கள். ஜூன் கடைசியில் அதிகாலை டியூட்டியில் ரெயில் நிலையத்திலிருந்து மேடேறினால் வெயில் முழுவதும் கண்ணுக்குள் வரும். வரைந்தவர்களுக்கு அது கவிதை, எங்களுக்கு வெயில்மறைப்பை இறக்க வேண்டிய நேரம். நிலையத்துக்கு எதிரே எண்பதுகளில் ஓர் அருமையான பஸ் நிலையம் கட்டினார்கள். அகலமான கூரை, உயரமான கண்ணாடி. பிழை என்னவென்றால், சனம் போகவேண்டிய கடைத்தொகுதி அங்கிருந்து கால் மணி நேர நடை. 1979இல் மார்கரெட் தாட்சர் திறந்துவைத்த அந்தக் கடைத்தொகுதி வாசலில் இறங்கத்தான் எல்லாரும் விரும்பினார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பஸ் நிலையத்தை மூடினார்கள். இப்போது அதன் கூரைக்குக் கீழே பெடியள் ஸ்கேட்போர்ட் ஓடுகிறார்கள், கட்டடமோ பாதுகாக்கப்பட்ட மரபுரிமைப் பட்டியலில். பஸ் இல்லாத பஸ் நிலையத்தைப் பாதுகாக்கிற ஊர் இது என்று நான் சொன்னால் இங்கிலாந்துக்காரர்களும் சிரிப்பார்கள். அந்தப் பகிடிக்கு எனக்கு உரிமை உண்டு.

அதோடு முடியவில்லை. 2000இல் ‘மிட்சம்மர் பிளேஸ்’ என்று இன்னொரு கடைத்தொகுதியைப் புலவார்டுக்குக் குறுக்கேயே கட்டினார்கள். சூரியனுக்காக நேராக வரைந்த தெரு நடுவில் அடைபட்டது. பஸ்கள் சுற்றிப் போயின. அங்கே நின்ற பழைய ஓக் மரத்தை வெட்டாமல் நடுமுற்றத்தில் விட்டுக் கட்டினார்கள், ஆனால் சில வருடங்களில் அது பட்டுப்போனது.

அதிகாலைப் பஸ்ஸில் வருகிற சனம்தான் என் ஊர். களஞ்சியசாலைகளில் பெட்டி அடுக்குகிறவர்கள், முதியோர் இல்லத்து இரவுப் பணியாளர்கள், ஆஸ்பத்திரிச் சமையலறைக்காரர்கள். கானா, சோமாலியா, போலந்து, எங்கள் பக்கத்து ஆட்கள். ஏறும்போது வணக்கம் சொல்லி, இறங்கும்போது நன்றி சொல்லுகிற சனம். ஒன்பதரைக்குப் பிறகு கூட்டம் மாறும். முதியவர்களின் இலவச அட்டை வேலைநாட்களில் ஒன்பதரைக்குத்தான் செல்லத் தொடங்கும். ஒன்பது இருபத்தெட்டுக்கு நான் வந்துவிட்டால் அவர்கள் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், நான் டிக்கெட் மெஷினைப் பார்ப்பேன். என்ன நடக்கும் என்பது சாரதிக்குச் சாரதி வேறுபடும்.

2014இல் உல்வர்டனுக்கும் பிளெட்ச்லிக்கும் இடையில் ஓடும் ஏழாம் இலக்கத் தடத்துக்கு எட்டு மின்சார பஸ்களைக் கொண்டுவந்தார்கள். வயர் செருகாமல் மின்னேற்றுவது அவற்றின் விசேஷம். கடைசித் தரிப்பில் நிலத்தில் பதித்த தட்டுக்கு நேர் மேலே பஸ்ஸை நிறுத்த வேண்டியிருந்தது. பஸ்ஸின் அடியிலிருந்து ஒரு தட்டு இறங்கி நிலத்தை அணுகியது. பத்து நிமிடம்போல நின்றால் திரும்பி ஓடப் போதுமாயிருந்தது. முதலில் சாரதிமார் முணுமுணுத்தார்கள். பிறகு அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கும் ஓய்வு என்று கண்டதும் முணுமுணுப்பு நின்றது. எஞ்சின் இரையாததால் பின்னால் கதைக்கிற கதை எல்லாம் கேட்டது. அது நன்மையா என்று தெரியவில்லை.

இங்கே பரிசோதனை புதிதல்ல. 1975இலேயே தொலைபேசியில் அழைத்தால் வரும் பஸ் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. 1986இல் பஸ் சேவைகளைச் சந்தைக்குத் திறந்துவிட்டபோது இங்கே தெருத்தெருவாக மினிபஸ் ஓடியது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 2021 ஏப்ரலில் நகரசபை தான் காசு கொடுத்து ஓட்டிய தடங்களுக்குப் பதிலாக ‘எம்கே கனெக்ட்’ என்ற வேன் சேவையைக் கொண்டுவந்தது. கைப்பேசிச் செயலியில் கேட்டால் வரும், தொலைபேசியிலும் கேட்கலாம். நான் பழக்கிய பெடியன் ஒருவன் இப்போது அதில். “அண்ணை, தடமே இல்லை. திரை சொல்லுற பக்கம் திருப்பவேணும்” என்கிறான். தடம் இல்லாத வேலை எனக்குச் சரிவராது. ஆனால் சனம் சிதறிக் கிடக்கிற ஊருக்கு 1975இல் சொன்ன விடைதான் ஒருவேளை சரியோ என்று சிலவேளை நினைப்பேன். அந்தக் கிழக்கு லண்டன்காரிக்குச் செயலி பிடிபடவில்லை. தரிப்பில் நின்றால் ஒரு பஸ் வரவேண்டும் என்கிறாள்.

என் கடைசி வருடங்களில் ஊரின் கிழக்கே, ப்ரோட்டன் பக்கம் ஓட்டினேன். அங்கே புதிதாகக் கட்டிய சில தெருக்களில் பழைய வழக்கத்தை விட்டு வீடுகளை வீதியைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். மேடு இல்லை, சுரங்கம் இல்லை. சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்து, நான் வளைவில் திரும்புவதைக் கண்டபிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வந்து ஏறுவார்கள். பழைய குடிகளுக்கு இந்தத் தெருக்களைப் பிடிக்காது. சதுர வீதியும் எழுபது மைல் வேகமும்தான் மில்டன் கீன்ஸ், மற்றதெல்லாம் எங்கேயும் இருக்கிற ஊர் என்று கூட்டம் போட்டு வாதாடினார்கள். அவர்கள் சொல்வதிலும் ஞாயம் உண்டு. மரத்துக்கு நடுவே நிற்காமல் ஓடுகிற சுகத்தை நானும் லீவு நாளில் என் காரில் அனுபவித்திருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் இருக்கும்போது என் வாக்கு இந்தத் தெருவுக்குத்தான். முந்த இடமில்லாமல் எனக்குப் பின்னால் வருகிற கார்க்காரர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும், ஏறுகிறவர் ஏறி முடியட்டும்.